முனையில்லாத துப்பாக்கி

நம் கூட்டத்தில் யாராவது ஒருவர் வருஷத்துக்கு ஒரு முறை இதைக் கேட்டுவிடுகிறீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் அரமும் பாலிஷ் துணியுமாக உட்கார்ந்து, இன்னும் வராத காலத்துக்கு இரும்பில் சுடாத துப்பாக்கி செய்கிற நாம் ஏழெட்டுப் பேர்தான். எல்லோருக்கும் நரை விழுந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்த பிறகுதான் கீழே விழுந்த திருகாணியைத் தேட முடிகிறது. எதை மறந்தாலும் இந்தக் கேள்வியை மட்டும் மறக்கமாட்டேன் என்கிறீர்கள். "நீங்க செய்யற துப்பாக்கி எல்லாத்துக்கும் முனையில எதுக்கு ஒரு சிவப்பு வளையம்?"

அழகுக்கு என்று சொல்லிச் சொல்லித் தப்பித்து வந்திருக்கிறேன். அழகுக்கு இல்லை. வாயால் சொன்னால் வரிசை மாறிப்போகும். அதனால் எழுதித் தருகிறேன்.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகள். ஒரகடம் பக்கம் அப்போது வெறும் பொட்டல். எல்லைக்கல் நட்டு மஞ்சள் பெயிண்ட் அடித்திருப்பார்கள், கல்லுக்குக் கல் ஆடு மேயும். பொழுது சாய்ந்ததும் கம்பெனிக் கூரைகளின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். மழைத் தூறலில் அந்த வெளிச்சம் கரைந்து ஏரித் தண்ணீரில் இறங்கும். ஷிப்ட் பஸ்கள் வரிசையாகத் திரும்பும். அவை பூமியில் ஓடுகிறவைதான் என்று அந்த நேரத்தில் யாராவது சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருக்கமாட்டேன்.

அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் எனக்கென்று ஒரு கிரகம் இருந்தது. இரண்டு நிலா. பகலிலும் அரை இருட்டு. அங்கே போகிறவர்கள் கையில் ஒரு துப்பாக்கி வேண்டும், யாரையும் சுடுவதற்கு இல்லை, வழியில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பதற்கு. இந்தச் சட்டத்தைப் போட்டவர் மாடி ரூம் அண்ணன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தார், அப்பாவின் கம்பெனியிலேயே டிரெய்னி. "சுட்டா சத்தம் வரும் பிள்ள, சத்தம் வந்தா அவனுவளுக்கு நாம வந்தது தெரிஞ்சுபோவும்லா" என்பார். அவனுவள் யார் என்று நான் கேட்டதில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

துப்பாக்கியை நான்தான் செய்தேன். காலாண்டுப் பரீட்சை லீவு. ரோட்டோரத்துக் காயலான் கடை அக்காவிடம் பழைய பேப்பரும் பால் கவரும் கொண்டுபோய்க் கொடுத்து, பதிலுக்கு இரும்பு பொறுக்கிக்கொள்வேன். "பொம்பளப் புள்ள சொப்பு கேக்கும், நீ இன்னாடி நட்டு கேக்குற" என்று சிரிப்பாள். சிரித்துக்கொண்டே நல்ல குவியலைக் காட்டிவிடுவாள்.

உடம்புக்குப் பழைய ஸ்கூட்டரின் ஷாக் அப்சார்பர் குழாய். கைப்பிடிக்குச் சைக்கிள் டைனமோ. விசைக்கு அதே சைக்கிளின் பிரேக் கட்டை. செத்துப்போன ஆம்ப்ளிபயரிலிருந்து கழற்றிய அலுமினியச் செதில்களை முதுகில் வரிசையாகப் பொருத்தினேன். ஓட்டை மட்டும் அண்ணன் கம்பெனிக்குப் போகிற வழியில் ஒரு ஒர்க்ஷாப்பில் போட்டுக்கொண்டு வந்து தந்தார். மற்றதெல்லாம் ஹோஸ் கிளிப், திருகாணி, என் விரல்கள். முடிந்தபோது ஒரு கையால் தூக்க முடியாது, மணிக்கட்டு வலிக்கும். அந்த வலிதான் எனக்குப் பெருமை. திருவிழாவில் விற்கிற பிளாஸ்டிக் துப்பாக்கியை அன்றோடு வெறுத்தேன். நீங்களும் அப்படித்தான் ஆரம்பித்திருப்பீர்கள்.

முனைக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. பத்து நாள் தேடினேன். கடைசியில் காயலான் கடையில் ஒரு சாக்குக்கு அடியில் அது கிடந்தது. கிண்ணம்போலக் குழிந்த உருளை, உள்ளங்கையில் அடங்கும் அளவு, வெளியே கண்ணாடி மாதிரி பளபளப்பு. கார் பிரேக்குக்குள் போகிற பிஸ்டன். இடுப்பில் ஒரு பட்டை சிவப்பு பெயிண்ட்.

எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைக்குச் சிவப்பு என்றால் என்னவென்று தெரியும். ரிஜெக்ட். கம்பெனியில் தேறாத பீஸுக்கு உடனே சிவப்பு அடிப்பார்கள், தவறிப்போய்க்கூட நல்லதோடு சேர்ந்துவிடக்கூடாது என்று. நசுக்கித்தான் வெளியே அனுப்ப வேண்டும், ஒன்றிரண்டு நசுங்காமலும் வந்துவிடும். எனக்கு அந்தச் சிவப்பு என் கிரகத்துக்கு ஒட்டவில்லை, அவ்வளவுதான். கதவுக்கு அடித்த பெயிண்டில் மிஞ்சிய தின்னரைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். மூக்கு எரிந்தது, தலை லேசாகச் சுற்றியது. சிவப்பு ரோஜா நிறமாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போனது. ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் முள்ளால் குழிவின் அடியில் இரண்டு பிறை கீறினேன், என் இரண்டு நிலா.

அண்ணன் அதை வாங்கிக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். "தங்கம்லா இது" என்றார். தர மனசில்லாமல் தந்தார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனியில் அப்பாவுக்கு ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் வேலை. இதே மாதிரி பிஸ்டன்கள் அவர் கைக்கு வரும், அளவு பார்க்கிற கேஜுக்குள் விட்டுப் பார்ப்பார், சரியென்றால் நல்ல டிரே, இல்லையென்றால் சிவப்பு. சாப்பிடும்போது தம்ளரைக்கூட ஒரு கண்ணால் அளக்கிற மனுஷன். ஆயுத பூஜை வந்துகொண்டிருந்தது. வீட்டுப் பூஜையில் அளவெடுக்கிற அவருடைய சொந்த வெர்னியர், ஸ்பேனர், அம்மாவின் அரிவாள்மணை எல்லாம் இருக்கும். என் துப்பாக்கியையும் வைக்கலாமா என்று கேட்டேன். அவர் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கிளிப்பை ஒரு சுற்று இறுக்கியும் கொடுத்தார். "நல்லாத்தான் செஞ்சிகீற. ஆனா பூஜையில வேலை செய்யுற சாமான்தான் வெக்கணும். இது இன்னா வேலை செய்யும்?" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

அடுத்து நடந்ததை அப்போது நான் பார்க்கவில்லை. பிறகு தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிஸ்டனுக்கு எண்ணெய் தடவி ஜன்னலில் காயவைத்தேன். பக்கத்தில் அப்பாவின் சாவி, பஸ் பாஸ். திங்கள் விடியற்காலை முதல் ஷிப்டுக்குக் கிளம்பியவர் சாவியை எடுக்கப்போய் அதைப் பார்த்திருக்கிறார். தன் கம்பெனி பீஸ், பளபளவென்று, சிவப்பு இல்லாமல். சந்தேகமான பீஸைத் தனியே வைக்க ஏப்ரன் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது அவர் பழக்கம். முந்தின சனிக்கிழமை கேட்டில் கொட்டுகிற மழை, செக்யூரிட்டி யாரையும் தடவிப் பார்க்காமல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அப்பா முடிவுக்கு வந்துவிட்டார், தான்தான் மறதியாக எடுத்து வந்துவிட்டோம் என்று. அந்த மாதம்தான் பாக்கெட்டில் ஒரு போல்ட் இருந்ததற்காக ஒருவரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். குழந்தையிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கம்பெனிக்குள் போகிறவனை யாரும் சோதிப்பதில்லை. டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதத்துக்கு அடியில் புதைத்து உள்ளே கொண்டுபோனார். அளந்து பார்த்துத்தான் வைக்க நினைத்தாராம். கழுவித் துடைக்கும்போதே சூப்பர்வைசர் வந்துவிட்டார். மேஜையில் இருந்த நல்ல டிரேயில் ஒரு குழி காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும் அப்பாவுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போனது. இங்கேயிருந்துதான் எடுத்திருக்கிறோம் என்று அதில் வைத்துவிட்டார். அந்தக் குழியிலிருந்த பீஸை வேறொருவர் சோதனைக்காக எடுத்துப் போயிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

வீட்டில் நான் ஜன்னலைப் பார்த்துவிட்டுக் கத்தினேன். கட்டிலுக்கு அடியில், அரிசி டின்னுக்குப் பின்னால், வாசலில், எங்கும் இல்லை. எனக்கு ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது. அண்ணன் ஷிப்ட் முடிந்து படியேறும்போது மறித்து நின்றேன்.

"என் பிஸ்டனக் குடு."

"நான் எங்க எடுத்தேன் பிள்ள?"

"நீதான் தங்கம்னு சொன்ன. திருடன்."

அவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பையைப் படியில் வைத்து, இரண்டு பேண்ட் பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினார், கம்பெனி கேட்டில் காட்டுவதுபோல. பிறகு பையை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். அந்த வாரம் முழுக்க என் கிரகத்தில் ஆளே இல்லை. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். முனையில்லாத குழாய்க்குள் காற்று ஊதிப் பார்த்தால் ஏரிப்பக்கத்து நாரை மாதிரி ஒரு சத்தம் வரும்.

ஞாயிறு மதியம் மீன் குழம்பு. மறுநாள் ஆயுத பூஜை. அப்பா நல்ல மனநிலையில் இருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"ஒரு விஷயம் சொல்லல உன்கிட்ட. போன வாரம் வேலையே போயிருக்கும்மே. ஒரு பீஸு பாக்கெட்ல வூட்டுக்கு வந்துட்டு கீது. நம்ம ஜன்னல்ல மின்னிகினு கெடக்குது. டிபன் பாக்ஸ்ல வெச்சு எடுத்துகினு போயி டிரேல வெச்சுட்டேன்."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் கையிலிருந்த மீனைத் தட்டிலேயே வைத்தேன். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நான் நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்கமாட்டேன். அப்பாவுக்கு வேலை போய்விடும் என்பது அந்த வயதுக்குத் தெளிவாகப் புரிந்தது. ஆனால் அந்தப் பிஸ்டன் எதற்கு என்பதையும் அவர்தான் நூறு முறை சொல்லியிருந்தார்.

"அது உங்க பாக்கெட்ல வர்லப்பா. என்னுது. காயலான் கடையில எடுத்தேன். செவப்பு போட்டிருந்துச்சு. நான்தான் தின்னர் போட்டுத் தொடச்சேன்."

அவர் கை சோற்றிலேயே நின்றது. திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"செவப்பு ஓரத்துல இருந்துச்சா, நடுவுலயா?"

"நடுவுல."

ஓரத்தில் என்றால் கீறல், பார்வைக்குத்தான் குறை. நடுவில் என்றால் அளவே தப்பு. விட்டம் ஒரு முடியளவு குறைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது, பிரேக் எண்ணெய்க்குத் தெரிந்துவிடும். அப்பா எழுந்து கை கழுவினார்.

"ஒரு பீசு தான" என்றாள் அம்மா. "நீ சொல்லலைன்னா யாருக்குத் தெரியும்? வேலை பூட்டா இன்னா பண்றது, புள்ளைய வெச்சிகினு?"

"பிரேக்ல கால் வெக்கிறவனுக்கு நம்ம யாருன்னு தெரியாதுமே. தெரியாமயே நம்பி வெக்கிறான்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு சூப்பர்வைசர் வீட்டுக்கு ஸ்ரீபெரும்புதூருக்குக் கிளம்பினார். அம்மா குழம்புச் சட்டியை மூடக்கூட மறந்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சரக்கு இன்னும் போகவில்லை. திங்கள் சாயங்காலம்தான் லாரி ஏறும். தள்ளிப்போடவும் முடியாது, கார் கம்பெனியில் லைன் நின்றுவிடும். எல்லாவற்றையும் மறுபடி அளந்தால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். அளக்கிற கேஜுகளையெல்லாம் சனிக்கிழமையே துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன் அடுக்கிவிட்டார்கள். பூஜையில் வைத்ததைச் செவ்வாய்க்கிழமை காலைவரை தொடக்கூடாது. முதலாளியிடம் போய் ஒரு கேஜை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. ஒரு காரே நிற்காமல் போகலாம் என்று தெரிந்த பெரியவர்கள், பொட்டு வைத்த இரும்பை எடுக்கப் பயந்தார்கள். இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

கிளம்பும்போது நான் சொன்ன பிறை அடையாளத்தை அப்பா அங்கே சொல்லியிருந்தார். "அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. அடையாளம் அவளுக்குத்தான் தெரியும்" என்றாராம் சூப்பர்வைசர். ஆயுத பூஜையன்று எப்படியும் குடும்பங்களைக் கம்பெனிக்குள் விடுவார்கள். நான் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, ரிஜெக்ட் பீஸ் தேடப் போனேன்.

உள்ளே போனதும் என் கிரகத்துக்குள்தான் வந்துவிட்டேன் என்று நினைத்தேன். இயந்திரங்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் நெற்றியிலும் குங்குமம், இருபுறமும் வாழைக்கன்று. வருஷம் முழுக்க ஓடுகிற சத்தம் அன்று இல்லை. சாம்பிராணிப் புகை கூரை விளக்கு வரை ஏறி அங்கேயே தங்கியிருந்தது. குழந்தைகள் பொரி தின்றுகொண்டு ஓடினார்கள். கடைசி மேஜையில் வெள்ளைத் துணி விரித்து எங்கள் நாலு பேரை உட்காரவைத்தார்கள். சூப்பர்வைசர், அப்பா, நான், நாலாவதாக மாடி ரூம் அண்ணன். பெட்டிகளைப் பிரித்துக் கொடுக்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

ஒவ்வொன்றாக எடுத்து டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் தலைகீழாக என் முகம். நெற்றிப்பொட்டு கீழே, வாய் மேலே. பத்து, நூறு, எண்ணிக்கை விட்டுப்போனது. ஒரு கட்டத்தில் அந்த முகங்கள்தான் அங்கே வசிக்கிறவர்கள் என்றும், நான்தான் வந்து எட்டிப்பார்க்கிறேன் என்றும் தோன்றிவிட்டது. அப்பா ஒரு முறைகூடத் தலை நிமிரவில்லை. அவர் கழுத்து வியர்வையில் சட்டைக் காலர் நனைந்திருந்தது. வெளியே லாரியைப் பின்னுக்கு எடுக்கிற சத்தம் கேட்டது.

இரண்டே பெட்டி மிச்சம் இருந்தபோது எதிரிலிருந்து ஒரு கை நீண்டது.

"பிள்ள, இது ஒன் நிலாவான்னு பாரு."

இரண்டு பிறை. ஒன்று கொஞ்சம் கோணல். நான் தலையாட்டினேன். சத்தமே வராமல் அழுதேன். "நீ திருடன் இல்லண்ணா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். "அது எனக்குத் தெரியும் பிள்ள, ஒனக்குத்தான் தெரியாம இருந்துச்சு" என்றார். சொல்லிவிட்டுத் தன் பங்குப் பொரியை என் பக்கம் தள்ளினார்.

அப்பா சிவப்பு பெயிண்ட் டப்பாவையும் பிரஷையும் எடுத்து வந்தார். அதற்குப் பொட்டு வைத்திருக்கவில்லை, யாருக்கும் அது ஆயுதமாகத் தோன்றவில்லைபோல. பிரஷை என்னிடம் கொடுத்தார். "நீ தொடச்சத நீயே போடு." நடுவில் ஒரு சுற்று போட்டேன். பிரஷில் பெயிண்ட் அதிகமாகி, கொஞ்சம் ஓரத்துக்கும் வழிந்தது. பூட்டு போட்ட ரிஜெக்ட் பெட்டியின் வாய்க்குள் அவர் அதைப் போட்டபோது, அடியில் போய் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சாயங்காலம் லாரி போயிற்று.

அப்பாவுக்கு வேலை போகவில்லை. ஆனால் அடுத்த நாளே இன்ஸ்பெக்ஷனிலிருந்து எடுத்து லோடிங்கில் போட்டுவிட்டார்கள். அளக்காமல் டிரேயில் வைத்தவரை அளக்கிற இடத்தில் வைக்க முடியாதாம். தானே வந்து சொன்னவர் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஓய்வுபெறும்வரை அவர் பெட்டிதான் தூக்கினார். என்னிடம் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. என் அப்பாவின் கையிலிருந்து கேஜைப் பிடுங்கியது நான்தான், அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அண்ணன் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் அங்கேயே வேலை கிடைத்து நின்றுவிட்டார். ஷாக் அப்சார்பர் துப்பாக்கி முனையில்லாமல் பரணில் கிடந்தது. அதற்கு வேறு முனை தேட எனக்கு மனம் வரவில்லை.

மறுவருஷம் ஆயுத பூஜை. அம்மா கோலம் போட்டுக் கூப்பிட்டாள். அப்பா பரணில் ஏறி எதையோ இறக்கிக்கொண்டிருந்தார். வெர்னியர் வருஷம் முழுக்கத் தொடப்படாமல் அலமாரியிலேயே இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. என் துப்பாக்கியை எடுத்துத் தூசி தட்டி, அரிவாள்மணைக்குப் பக்கத்தில் நடுவாக வைத்தார். சந்தனத்தைக் குழைத்து, முனை இருக்க வேண்டிய ஓட்டை விளிம்பைச் சுற்றி விரலால் தடவி, அதன் மேலேயே சுற்றிலும் குங்குமம் வைத்தார்.

"சுடாத துப்பாக்கிக்கு இன்னாத்துக்குப் பொட்டு?" என்றாள் அம்மா.

அப்பா கற்பூரத்தை ஏற்றினார்.

"அது வேலை செஞ்ச சாமான்மே" என்றார்.